காத்திருக்கும் உத்தியோகம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தொழில்முறையாக நடைபெறும் கால்பந்தாட்டத்தில், பக்கத்துக்குப் பதினொருவர் நின்று, 100 கெஜ நீளமுள்ள மைதானத்தில், முட்டை வடிவமான பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும், நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜமாவது முன்னேற வேண்டும் என்ற விதிக்கு உட்பட்டுப் போராடுகையில், அநேகமாக ஒவ்வொரு முயற்சியிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, அதை அருகில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு எறிவதா என்று இரண்டு மூன்று விநாடிகளுக்குள் நிச்சயிக்கிற பொறுப்பு ஒரே ஒருவரைச் சார்ந்தது. குவார்ட்டர்பேக் என்று வழங்கும் அந்த ஆட்டக்காரரின் தலையில்தான் அணியின் கீர்த்தியும் அபகீர்த்தியும் விடியும். அவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நான் இங்கே சொல்லப் புகுவது, அவருக்குப் பின்னால் மைதானத்தின் ஓரத்தில் சீருடையோடு நின்று, வாரந்தோறும் அவர் கற்கும் பாடம் அனைத்தையும் தாமும் கற்று, அவருக்கு அடிபட்டாலொழிய அல்லது அவர் ஆட்டம் சோடை போனாலொழிய உள்ளே காலெடுத்து வைக்க வழியில்லாமல் காத்திருக்கும் இரண்டாவது குவார்ட்டர்பேக்கின் சரித்திரம்.

கிரிக்கெட்டில் பன்னிரண்டாவது ஆட்டக்காரர் களத்துக்கு வந்தால் பந்தைத் தடுக்கலாம், பிடிக்கலாம். மட்டை பிடிக்கவோ பந்து வீசவோ அவருக்கு உரிமையில்லை. ஆகவே தோல்வியின் பழியும் அவர்மேல் விழுவதில்லை. அமெரிக்க ஆட்டத்தின் இரண்டாவது குவார்ட்டர்பேக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. மாதக்கணக்கில் சும்மா நின்ற மனிதர், உள்ளே வந்த மறுகணமே பத்துப் பேரை நடத்தவும், எதிரே மோத வரும் பதினொருவரின் சூழ்ச்சியைப் படிக்கவும், பல்லாயிரம் ஜனங்களின் கூச்சலுக்கு நடுவே தம் கட்டளையை உரக்கச் சொல்லவும் கடமைப்பட்டவர்.

இப்படி ஓர் உத்தியோகம் ஆதியிலிருந்தே இருந்ததென்று நினைத்துவிடக் கூடாது. பந்தை முன்னோக்கி எறிவது சட்டபூர்வமானது 1906ஆம் ஆண்டில்தான். ஒஹாயோ மாகாணத்துக் காண்டன் நகரில் தொழில்முறைச் சங்கம் 1920இல் ஏற்பட்டபோதும், அதன் பிறகு வெகுகாலமும், குவார்ட்டர்பேக் என்ற பெயருடையவர் பெரும்பாலும் மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும் முரட்டு வேலையைத்தான் செய்துவந்தார். எறிகிற வேலை பின்னால் நிற்கும் வேறொருவருடையது. 1940ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, சிகாகோ பேர்ஸ் அணி வாஷிங்டன் அணியை 73–0 என்று தோற்கடித்து, தேசம் முழுவதையும் திடுக்கிட வைத்தது. சிட் லக்மன் என்பவரைக் குவார்ட்டர்பேக்காக நடுவே நிறுத்தி, பந்து முதலில் அவர் கைக்கே வரும்படி அமைத்த டி வியூகமே அன்றைய வெற்றிக்குக் காரணம் என்று எல்லோரும் கண்டுகொண்டபின், மற்ற அணிகளும் ஒவ்வொன்றாக அந்த வியூகத்துக்கு மாறின. அதோடு குவார்ட்டர்பேக்கின் ஸ்தானம் அணியின் மூளை ஸ்தானமாயிற்று.

மற்றொரு மாறுதல் யுத்தத்தால் வந்தது. பழைய விதிகளின்படி தாக்குகிறவரே தற்காக்கவும் வேண்டும். ஒருமுறை வெளியேறியவர் விரும்பியபோதெல்லாம் திரும்பி வர இயலாது. இரண்டாம் உலக யுத்தத்தில் வாலிபர்கள் படைக்குப் போய்விட, அணிகளில் ஆள் பஞ்சம் ஏற்பட்டதால், 1943இல் ஆட்டக்காரர்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ள அனுமதி தரப்பட்டது. 1950இல் அதுவே நிரந்தர விதியாயிற்று. அது முதற்கொண்டு ஒவ்வொருவரும் ஒரே வேலையில் தேர்ச்சி பெற்ற நிபுணரானார். குவார்ட்டர்பேக் எறிவதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டாதவரானார். அவர் இல்லாவிட்டால் அவர் வேலையைச் செய்ய அணியில் வேறு எவருக்கும் தெரியாது என்ற நிலையும் வந்து சேர்ந்தது. இரண்டாவது குவார்ட்டர்பேக் அவசியமானது அந்த நிலையினால்தான்.

காத்திருந்தவர்களில் சிலர் முதல் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டு பிறகு விடவே இல்லை. பால்டிமோர் கோல்ட்ஸ் அணியின் ஜானி யுனைட்டஸ் அத்தகையவர். 1955இல் பிட்ஸ்பர்க் அணி அவரைத் தேர்ந்தெடுத்து, ஓர் ஆட்டத்தில்கூட இறக்காமல் வெளியே அனுப்பிவிட்டது. கட்டட வேலை செய்து ஜீவனம் நடத்திக்கொண்டே, ஆட்டத்துக்கு 6 டாலர் கூலியில் ஓர் உள்ளூர் அணிக்கு ஆடினார். மறு ஆண்டு பால்டிமோரில் ஜார்ஜ் ஷா என்பவருக்குப் பின்னால் இடம் கிடைத்தது. ஷாவுக்குக் காலில் அடிபட்டதும் உள்ளே போனார். எறிந்த முதல் பந்தையே எதிரி பறித்துக்கொண்டு கோட்டைத் தாண்டிவிட்டார். அப்படித் தொடங்கியவரைத்தான் பின்னாளில் அந்த ஆட்டத்தின் சக்கரவர்த்திகளுள் ஒருவராக மதித்தார்கள். ஆனால் இரண்டாம் ஸ்தானத்தின் உண்மையான இயல்பை அறிய, அதிலிருந்து ஏறிப்போனவர்களைப் பார்த்தால் போதாது. அதிலேயே இருந்து தம் வாழ்நாள் வேலையைச் செய்தவர்களையும், அவர்கள் இல்லாதபோது நேர்ந்ததையும் பார்க்க வேண்டும்.

அவர்கள் இல்லாதபோது என்ன நேரும் என்பதை 1965ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பால்டிமோர் அணிக்குக் கற்பித்தது. யுனைட்டஸுக்கு முழங்காலில் காயம். அடுத்த வாரமே, அவருக்குப் பதிலாக ஆடிய கேரி குவோஸோவுக்குத் தோள் பெயர்ந்தது. மூன்றாவது ஆள் கிடையாது. டான் ஷூலா என்ற இளம் பயிற்சியாளர், வேறு வழி காணாமல், பந்தைச் சுமந்து ஓடுபவரான டாம் மாட்டி என்பவரை அழைத்தார்; மாட்டி ஒஹாயோ மாகாணக் கலாசாலையில் படித்த நாட்களில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர் என்பதைத் தவிர, அவரிடம் வேறு தகுதி இல்லை. பிட்ஸ்பர்கிலிருந்து அவசரமாக வரவழைத்த எட் பிரவுன் என்பவரின் ஒத்தாசையோடு லாஸ் ஏஞ்சலஸில் ஓர் ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தார்கள். ஆனால் பருவத்தின் முடிவில் கிரீன் பே அணியோடு சமநிலை ஏற்பட்டு, அதைத் தீர்க்க ஒரு விசேஷ ஆட்டம் நடத்தவேண்டி வந்தபோது, புதிதாக வந்த பிரவுன் அதில் கலந்துகொள்ள விதி இடம் கொடுக்கவில்லை. மாட்டி ஒருவரே மிச்சம்.

டிசம்பர் 26ஆம் தேதி, கிரீன் பே நகரின் குளிரில், இடது மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு மாட்டி களமிறங்கினார். அணியின் ஆட்டமுறைகளைச் சிறிய எழுத்தில் எழுதிய காகிதம், அந்தப் பட்டைக்குள் பளபளப்பான உறையில் செருகியிருந்தது. வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்ய வேண்டிய பாடத்தைச் சில நாட்களில் கற்க முடியாதென்பதால் செய்த ஏற்பாடு அது. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஆச்சரியம் என்னவென்றால், எதிரணியும் அன்று முதல் வரிசைக் குவார்ட்டர்பேக் இல்லாமலேயே ஆடிற்று. ஆட்டத்தின் முதல் முயற்சியிலேயே, கிரீன் பேயின் பார்ட் ஸ்டார் எறிந்த பந்தை வாங்கியவர் நழுவவிட, பால்டிமோரின் டான் ஷின்னிக் அதை எடுத்துக்கொண்டு 25 கெஜம் ஓடிக் கோட்டைக் கடந்தார்; ஓடியவரைத் தடுக்கப் போன ஸ்டாருக்கு விலாவில் அடி. அவருக்குப் பதிலாக ஸீக் பிரட்காவ்ஸ்கி வந்தார்.

ஆக, தேசமே கவனித்துக்கொண்டிருந்த அந்த ஆட்டத்தில், ஒரு பக்கம் காத்திருப்பதையே தொழிலாகக் கற்ற மனிதரும், மறு பக்கம் அந்தத் தொழிலைக் கற்க அவகாசமே இல்லாத மனிதரும் எதிரெதிரே நின்றார்கள். மாட்டியின் தைரியத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். அவர் எறிந்த 12 பந்துகளில் 5 மட்டுமே உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மற்றபடி ஓடியும் ஓடவைத்துமே பாதி ஆட்டம் முடியும்போது 10–0 என்று முன்னிலையைக் காத்தார். பிரட்காவ்ஸ்கியோ பதறவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கையில் கிரீன் பேயின் டான் சாண்ட்லர் உதைத்த பந்து கம்பங்களுக்கு உள்ளே போயிற்றா, வெளியே போயிற்றா என்பதில் இன்றளவும் வழக்குத் தீரவில்லை. உதைத்தவரே ஏமாற்றத்தோடு தலையை அசைத்தார் என்பது படத்தில் தெரிகிறது. நடுவர் கையைத் தூக்கி மூன்று புள்ளிகளை வழங்கிவிட்டார். கூடுதல் நேரத்தில் மற்றோர் உதையால் கிரீன் பே 13–10 என்று ஜெயித்தது. மறு ஆண்டு கம்பங்களை உயர்த்திக் கட்டினார்கள். மாட்டியின் மணிக்கட்டுப் பட்டை காண்டனிலுள்ள கீர்த்தி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பத்தின் உயரத்தைப் பற்றியே எல்லோரும் பேசினாலும், அன்று ஆட்டத்தைத் தீர்மானித்தது இரண்டாவது மனிதரின் பயிற்சிதான் என்பது என் அபிப்பிராயம்.

ஷூலா அந்த நாளை மறந்திருப்பார் என்று நம்புவதற்கில்லை. 1968ஆம் ஆண்டு கோடையில், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியில் வேண்டாதவராகக் கிடந்த ஏர்ல் மாரல் என்பவரை அவர் வரவழைத்தார். மிச்சிகன் மாகாணத்து மஸ்கீகன் ஊரில் 1934இல் பிறந்த மாரலை, 1956இல் நாடு முழுவதிலுமிருந்து தேர்ந்தெடுத்த வீரர்களில் இரண்டாவதாக ஸான் பிரான்ஸிஸ்கோ அணி பொறுக்கி எடுத்தது என்றால், அவரிடம் எவ்வளவு நம்பிக்கை வைத்தார்கள் என்பது விளங்கும். அந்த நம்பிக்கை எந்த ஊரிலும் நிலைக்கவில்லை. ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து பிட்ஸ்பர்க், அங்கிருந்து டெட்ராய்ட், அங்கிருந்து நியூயார்க். நியூயார்க்கில் 1967இல் பிரான் டார்க்கன்டன் வந்ததும் அங்கும் இடம் போயிற்று. டெட்ராய்டில் மாரல் ஆடிய காலத்தில் அதே அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்த ஷூலாவுக்கு, மனிதரின் நிதானம் எப்படிப்பட்டது என்று நேரில் தெரியும்.

வந்த சில வாரங்களுக்குள், பருவம் தொடங்குமுன் நடந்த கடைசி ஒத்திகை ஆட்டத்தில், யுனைட்டஸின் முழங்கை பழுதாயிற்று. 34 வயது மாரல் பொறுப்பேற்றார். 14 ஆட்டங்களில் 13 வெற்றி. எதிர்க்கோட்டைத் தாண்டவைத்த டச் டவுன் எறிகள் 26. அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது. தங்களைத் தோற்கடித்த ஒரே அணியான கிளீவ்லாந்தைத் தங்கள் சங்கத்தின் பட்டத்து ஆட்டத்தில் 34–0 என்று பழி தீர்த்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்தவருக்குக் கடைசியில் நல்ல காலம் பிறந்துவிட்டது என்றே எல்லோரும் எண்ணினார்கள்.

1969 ஜனவரி 12ஆம் தேதி, இரண்டு போட்டிச் சங்கங்களின் வெற்றியாளர்கள் மோதும் சூப்பர் பவுல் மூன்றாவது முறையாக மையாமியில் நடந்தபோது, நியூயார்க் ஜெட்ஸ் அணியைப் பால்டிமோர் 18 புள்ளி வித்தியாசத்தில் நசுக்கிவிடும் என்று பந்தயக்காரர்கள் கணக்கிட்டார்கள். ஜெட்ஸின் ஜோ நேமத், தங்கள் சங்கத்தில் மாரலைவிடத் திறமைசாலிகள் சிலர் உண்டு என்று பகிரங்கமாகச் சொல்லியும், வெற்றி தமக்கே என்று உறுதி கூறியும், பத்திரிகைகளுக்குத் தீனி போட்டார். ஆட்டத்தில் மாரல் முதல் பாதிக்குள்ளேயே மூன்று பந்துகளை எதிரியிடம் பறிகொடுத்தார். மூன்றாவதுதான் இன்றும் மறக்கப்படாதது. பந்தை வாங்கிய டாம் மாட்டி, ஓடுவதுபோல் பாசாங்கு செய்து திரும்பி மாரலிடமே எறிந்தார்; சூழ்ச்சி பலித்தது; எதிர்க்கோட்டின் அருகே ஜிம்மி ஆர் அண்டையில் ஒருவருமில்லாமல் கையை ஆட்டிக்கொண்டு தனியே நின்றார்; மாரலின் கண்ணுக்கு அவர் படவில்லை. நடுவே எறிந்த பந்து பறிபோயிற்று. இடைவேளைக்காகக் காத்திருந்த வாத்தியக் கோஷ்டியின் நீலச் சீருடையும் ஆரின் நீலச் சீருடையும் ஒன்றாய்க் கலந்துவிட்டன என்று சமாதானம் சொல்வோர் உண்டு. பின்பாதியில் யுனைட்டஸ் வலிக்கும் கையோடு வந்து, பால்டிமோரின் ஒரே டச் டவுனுக்கு வழிசெய்தார். முடிவு 16–7. பதின்மூன்று வெற்றிகளின் புகழ் ஓர் அரை மணியில் கரைந்தது; அந்த ஒரு பந்தைக் கொண்டே பல்லாண்டுகள் மாரலை மதிப்பிட்டார்கள். இது அநீதி என்று நான் கருதுகிறேன்.

இரண்டாண்டு கழித்து, அதே மையாமியில், அதே மாரலுக்கு வேறு விதமான வாய்ப்பு வந்தது. 1971 ஜனவரி 17ஆம் தேதி டல்லஸ் அணியோடு நடந்த ஐந்தாவது சூப்பர் பவுலில் யுனைட்டஸுக்கு விலாவில் அடிபட, இரண்டாம் கால் பகுதியில் உள்ளே வந்து மீதி ஆட்டத்தை நடத்தினார். 13–13 என்று சமமாக இருந்து, சில விநாடிகளே மிஞ்சியபோது, புதுமுகமான ஜிம் ஓபிரயன் 32 கெஜத்திலிருந்து பந்தை உதைக்க வந்தார். உதைப்பவருக்காகப் பந்தைத் தரையில் நிறுத்திப் பிடிக்கும் வேலை அந்நாட்களில் பெரும்பாலும் இரண்டாவது குவார்ட்டர்பேக்குடையது. கை பழகியவர், எஞ்சிய நேரத்தில் சும்மா இருப்பவர் என்பதால். பரபரப்பில் ஓபிரயன் காற்றின் திசையறியப் புல்லைக் கிள்ளப் போனார் என்றும், தரையோ செயற்கைப் புல்லென்பதால் கைக்கு ஒன்றும் வரவில்லை என்றும் ஒரு கதை வழங்குகிறது. மாரல் மண்டியிட்டுப் பந்தைப் பிடித்துக் கச்சிதமாக நிறுத்தினார், உதை நேராகப் போயிற்று, 16–13.

ஷூலா அதற்குள் மையாமி டால்பின்ஸ் அணிக்குப் போய்விட்டார். 1972இல் பால்டிமோர் மாரலை விட்டுவிட்டபோது, விடுவிக்கப்பட்டவர்களை எடுத்துக்கொள்ளச் செலுத்தவேண்டிய வழக்கமான கட்டணமாகிய 100 டாலரைக் கட்டி அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். மையாமியின் பாப் கிரீஸிக்கு அப்போது 27 வயது, மாரலுக்கு 38. ஐந்தாவது ஆட்டத்தில், அக்டோபர் 15ஆம் தேதி, ஸான் டியேகோ வீரர்கள் இருவர் ஒரே சமயத்தில் மோதியதில், கிரீஸிக்குக் கால் எலும்பு முறிந்து கணுக்காலும் பிசகிற்று. மாரல் வந்தார், அந்த ஆட்டத்தையும் வென்று, மிச்சமிருந்த ஒன்பது ஆட்டங்களையும் தொடங்கி வென்று, அடுத்த சுற்றில் கிளீவ்லாந்தையும் வென்றார். பிட்ஸ்பர்கில் நடந்த அரையிறுதியில் பாதி ஆட்டம் 7–7 என்று நின்றபோது, குணமடைந்திருந்த கிரீஸியை ஷூலா இறக்கினார். மையாமி 21–17 என்று ஜெயித்தது. சூப்பர் பவுலுக்கும் கிரீஸியே என்று ஷூலா நிச்சயித்தார். மாரலுக்கு ஏமாற்றம்தான், ஆனால் முறுமுறுத்து அணியைக் கலைக்கிற சுபாவம் அவரிடம் இல்லை. வாஷிங்டனுடன் நடந்த அந்த ஆட்டத்திலும் பந்தைப் பிடித்து நிறுத்தும் வேலைக்கு அவர் வந்தார். கேரோ யெப்ரேமியன் உதைத்ததை எதிரிகள் மறித்துவிட, யெப்ரேமியன் அதை எடுத்து எறிய முயன்று கோட்டை விட்டது மட்டும் அன்றைய அசம்பாவிதம். 14–7 என்று வென்று, 17 ஆட்டங்களில் 17 வெற்றி என்ற, இதுவரை வேறெந்த அணிக்கும் வாய்க்காத, களங்கமற்ற பருவத்தை மையாமி முடித்தது. மாரல் இன்னும் நான்கு பருவங்கள் அங்கேயே காத்திருந்து, 42ஆம் வயதில் ஓய்வு பெற்றார்.

இந்தக் காத்திருப்பில் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். வாரத்துப் பயிற்சியில் முதல்வருக்கே ஏறக்குறைய எல்லா முயற்சிகளும் போய்விடும். இரண்டாமவர், வரப்போகும் எதிரணியின் குவார்ட்டர்பேக்கைப் போல நடித்து, தம் அணியின் தற்காப்பு வீரர்களுக்கு ஒத்திகை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கான தம் பாடத்தைக் கையால் பழகாமல் கண்ணாலும் மனத்தாலும் மட்டுமே பழகிக்கொள்ள வேண்டும். ஆட்ட நேரத்தில், கையில் அட்டையைப் பிடித்து, ஒவ்வொரு முயற்சியையும் குறித்து, முதல்வர் களைத்து வந்து உட்காரும்போது தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். 1994இல் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவி பொருத்த அனுமதி வரும்வரை, பயிற்சியாளரின் கட்டளைகளைக் கைச்சைகையால் உள்ளே அனுப்புவதும் பல அணிகளில் இவர் வேலையாகவே இருந்தது. எவருடைய இடத்தைத் தாம் பிடிக்க வேண்டுமோ அந்த மனிதரின் வெற்றிக்காகவே பாடுபடுவது எல்லோருக்கும் சாத்தியமான மனப்பக்குவமல்ல.

பின்னாளில் இந்த வரிசையில் வந்தவர்கள் அநேகர். பில் ஸிம்ஸின் பாதம் முறிந்தபின் வந்த ஜெப் ஹாஸ்டெட்லர் 1991 ஜனவரியில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்குச் சூப்பர் பவுலைப் பெற்றுத் தந்தார். 1993 ஜனவரி 3ஆம் தேதி பபலோ அணி 35–3 என்று பின்தங்கிய நிலையில், ஜிம் கெல்லிக்குப் பதிலாக ஆடிய பிராங்க் ரைக் அதை 41–38 என்று வெற்றியாக மாற்றினார். 2018 பிப்ரவரியில், கார்ஸன் வென்ட்ஸின் முழங்கால் பழுதானதால் பொறுப்பேற்ற நிக் போல்ஸ், பிலடெல்பியாவுக்கு முதல் சூப்பர் பவுலை வென்று தந்தார். அன்று அந்த அணியின் தாக்குதல் முறைகளை வகுத்த பயிற்சியாளர்களில் ஒருவர் அதே பிராங்க் ரைக். தொழிலின் மதிப்பும் உயர்ந்தது: சேஸ் டேனியல் என்பவர் தம் வாழ்நாளில் தொடங்கியது 5 ஆட்டங்களே, சம்பாதித்தது 4 கோடி டாலருக்கும் அதிகம்.

ஆயினும் 1965இன் பாடத்தைச் சங்கம் முழுமையாகக் கற்றதாகச் சொல்வதற்கில்லை. மூன்றாவது குவார்ட்டர்பேக்கை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளும் விதியை 1991இல் ஏற்படுத்தி, 2011இல் எடுத்துவிட்டார்கள். 2023 ஜனவரி 29ஆம் தேதி பிலடெல்பியாவில், ஸான் பிரான்ஸிஸ்கோவின் பிராக் பர்டிக்கு முழங்கையில் தசைநார் கிழிந்தது. அவருக்குப் பதிலாக வந்த ஜாஷ் ஜான்ஸனுக்குத் தலையில் அடிபட்டது. பந்தை எறியவே முடியாத கையோடு பர்டி மறுபடியும் உள்ளே போக நேர்ந்து, அணி 31–7 என்று தோற்றது. அதே ஆண்டில் விதி திரும்பி வந்தது.

ஏர்ல் மாரல் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி, 79ஆம் வயதில் காலமானார். மூளையைப் பரிசோதித்த பாஸ்டன் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், தலையில் ஓயாமல் விழும் அடிகளால் வரும் நோயின் மிகக் கடுமையான நான்காம் நிலையை அதில் கண்டார்கள். ஓரத்தில் நின்ற மனிதர் என்று உலகம் நினைத்தவரும் அந்த ஆட்டத்துக்குக் கொடுத்த விலை அது. காண்டன் மண்டபத்தில் யுனைட்டஸ் இருக்கிறார், நேமத் இருக்கிறார், கிரீஸி இருக்கிறார், ஷூலா இருக்கிறார், மாட்டியின் மணிக்கட்டுப் பட்டைக்கும் அங்கே இடம் கிடைத்தது, மாரல் இல்லை. அவரைச் சேர்க்க வேண்டும் என்பது என் திடமான கருத்து. அதற்கு வேறு வாதம் எதுவும் தேவையில்லை: 1972ஆம் பருவத்தின் பதினேழு வெற்றிகளில் பதினொன்றைத் தொடங்கிய குவார்ட்டர்பேக் அவர்தான்.